மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்த பொக்

நேற்று இரவு எங்கள் சமையலறை மேஜையில் மூன்று கிளாஸ் பொக், அதாவது ஜெர்மனியின் வலுவான பியர். நிறத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று விளக்கைக் குறைத்தாயிற்று. இரண்டு கிளாசில் ஒரே பியர், ஒன்றில் மட்டும் வேறு. எது எதுவென்று ஊற்றிய மனைவிக்குத்தான் தெரியும். ஒன்று நான் வீட்டில் காய்ச்சியது. மற்றது கடையில் வாங்கிய ஐன்பெக்கர் உர்-பொக். தனித்து நிற்கும் கிளாஸ் எது என்று நான் சொல்ல வேண்டும். ஐந்து சுற்றில் மூன்றைச் சரியாகச் சொன்னேன், இரண்டில் தோற்றேன்.

என் பியரையும் கடை பியரையும் பிரிக்க முடியாமல் தோற்ற அந்த இரண்டுக்காகத்தான் இந்தப் பதிவு. போன வருடம் இதே சோதனையை என் முதல் முயற்சியை வைத்துச் செய்தபோது கிளாசை வாய்க்குக் கொண்டுபோகவே தேவைப்படவில்லை. ஒரு அடி தள்ளி இருந்தாலே வெண்ணெய் வாசனை. ஐந்துக்கு ஐந்து.

"காய்ச்சுகிறேன்" என்று ஊருக்குப் போனில் சொன்னால் அம்மா பதறுகிறார். இங்கே ஜெர்மனியில் அது பொழுதுபோக்குதான். 2024 முதல் ஒருவர் சொந்தக் குடிக்கு ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக்கூடாது. நான் காய்ச்சுவது அதிகபட்சம் 80 லிட்டர்.

முதல் முயற்சி போன வருடம் ஜனவரியில். பொக் என்றால் கெட்டியான, இனிப்பான, கருத்த பியர் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. மியூனிக் வந்த புதிதில் குடித்த முதல் பொக் தந்த ஞாபகம் அப்படி. ஆகவே இனிப்பு வர என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தேன். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த தானியம். மொத்தம் 5.5 கிலோ மால்ட்டில் 1 கிலோ இனிப்பான கேரமல் மால்ட். மாஷை, அதாவது மால்ட்டும் வெந்நீரும் கலந்த கூழை, 69 டிகிரியில் பிடித்தேன், அப்போதுதான் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகம் தங்கும் என்று. ஈஸ்ட் ஒரே ஒரு பாக்கெட், 11.5 கிராம். சாதாரண பியருக்கு அது போதும் என்பதால் இதற்கும் போதும் என்று நினைத்தேன். மாஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறு, அதாவது வோர்ட், 21 டிகிரியில் இருக்கும்போதே தூவினேன். அப்புறம் எங்கள் கட்டடத்து நிலவறையில், எனக்கென்று ஒதுக்கிய மரச்சட்ட அடைப்புக்குள் வைத்தேன். அதே சுவரில் சூடாக்கிக் குழாய் ஓடுகிறது என்பதைக் கவனிக்கவில்லை. நான் 10 டிகிரி என்று நம்பிக்கொண்டிருந்த மூலை, பின்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது 17.

தொடங்கியது 16.4 பிளேட்டோவில் (சாற்றின் கனத்தை அளக்கும் அலகு, சர்க்கரை ஆல்கஹாலாக ஆக இறங்கும்). மூன்று வாரம் கழித்தும் 7.2-க்குக் கீழே இறங்கவில்லை. வாளியைக் குலுக்கினேன், மேலே கொண்டுவந்து வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பொறுமை போய் பாட்டிலில் அடைத்தேன். கணக்குப் போட்டால் ஆல்கஹால் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கனத்துக்கு அது பாதி வேலைதான்.

முதல் பாட்டிலைத் திறந்த அன்று நான் அதை நல்ல பியர் என்றே சொன்னேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இனிப்பு இருந்தது, நிறம் இருந்தது, நுரை இருந்தது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இருமல் மருந்து மாதிரி இருக்கே. மேல வெண்ணெய் தடவின மாதிரி வேற" என்றாள். இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் ஒரு சின்ன ஜாடியில் 100 மில்லி ஊற்றி மூடி, 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறவிட்டு முகர்ந்தேன். பாப்கார்ன் கடை வாசனை. அந்த வெண்ணெய் வாசனை தரும் பொருளுக்குப் பெயர் டைஅசிட்டைல். நொதிக்கும்போது ஈஸ்ட்டே அதை உண்டாக்கும், கடைசியில் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்க்கும். என் ஈஸ்ட் பாதியிலேயே படுத்துவிட்டதால் தின்ன ஆளில்லை.

வெண்ணெய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது. இனிப்பு மட்டும் ஏன் இவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று புரியவில்லை. அதற்குப் பதில் காய்ச்சும் பானையில் கிடைக்காது, நல்ல பொக்கைக் குடித்துத்தான் தெரிய வேண்டும் என்று நான்கு பாட்டில் வாங்கினேன். ஐன்பெக்கர் உர்-பொக் டுங்கெல், 6.5 சதவீதம். ஐயிங்கர் செலிபிரேட்டர், 6.7. ஆண்டெக்ஸ் மடாலத்து டொப்பெல்பொக் (இன்னும் கனமான பொக்), 7.1. பவுலானர் சல்வாட்டர், 7.9.

முதல் மாலை முழுக்கத் தண்டம். ஃபிரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்து உயரமான பியர் கிளாசில் ஊற்றினேன். நான்கும் ஒரே மாதிரி: குளிர்ச்சி, கொஞ்சம் இனிப்பு, அவ்வளவுதான். அதுவும் வரிசையை யோசிக்காமல் சல்வாட்டரில் தொடங்கிவிட்டேன். அதன் பிறகு ஐன்பெக்கரைக் குடித்தால் தண்ணீர் மாதிரி இருந்தது. மூன்றாவது பாட்டிலுக்குமேல் என் குறிப்புகளில் கையெழுத்தே புரியவில்லை.

இரண்டாம் மாலை, ஒரு வாரம் கழித்து. ஒவ்வொன்றிலும் 100 மில்லி மட்டும். வாய் குவிந்த ஒயின் கிளாஸ், மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி. பாட்டில்களை நாற்பது நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்து, 8 டிகிரியில் தொடங்கி 12 வரை ஏறவிட்டேன். சமையலறைத் தெர்மாமீட்டரைக் கிளாசிலேயே விட்டுப் பார்த்தேன், பார்ப்பவர்கள் சிரிக்கலாம். வலுக் குறைந்ததிலிருந்து வலுக் கூடியதற்கு. நடுவில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும். அன்று மதியத்துக்குப் பிறகு காபி இல்லை, அது பெரிய தியாகம்.

அன்றைக்குத்தான் மூக்கைப் பொத்திப் பார்த்தேன். திட்டமிட்டுச் செய்ததில்லை. ஜலதோஷம் பிடித்தால் சாப்பாடு ருசிக்காதே, பியர் எப்படி இருக்கும் என்று ஒரு விளையாட்டுக்காக. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐன்பெக்கரில் ஒரு வாய். நாக்கில் லேசான கசப்பு, லேசான இனிப்பு, ஆல்கஹாலின் சூடு. பியர் என்றே சொல்ல முடியாது. விழுங்கிவிட்டு மூக்கை விட்டேன். அடுத்த கணம் தொண்டைக்குப் பின்னாலிருந்து வந்தது: சுட்ட ரொட்டியின் மேல்தோல், வறுத்த கொட்டை, முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து வறுக்கும்போது வீடு முழுக்கப் பரவுமே, அந்த வாசனை. நான் இத்தனை நாள் "இனிப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு நாக்கில் இல்லவே இல்லை, மூக்கில் இருந்தது.

உடனே என் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். மூக்கைப் பொத்தினால் சர்க்கரைப் பாகு. மூக்கை விட்டாலும் அதே பாகு, கூடவே வெண்ணெய். மால்ட் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கேரமல் மால்ட்டைக் கொட்டி நான் நாக்குக்குத் தீனி போட்டிருக்கிறேன், மூக்குக்கு ஒன்றுமே வைக்கவில்லை.

பிறகு வந்த நாட்களில் மூன்று பத்தி போட்ட ஒரு தாளில் எழுதினேன்: முகர்ந்தது, மூக்கை மூடியது, மூக்கைத் திறந்தது. செலிபிரேட்டரில் வறுத்த வாசம் கூடுதல், முடிவில் எதிர்பார்த்ததைவிட உலர்ந்து போகிறது. பாட்டில் கழுத்தில் தொங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் ஆடு என் மகனின் பொம்மைப் பெட்டிக்குப் போய்விட்டது. ஆண்டெக்ஸில் உலர்ந்த திராட்சையும் சாக்லேட்டும். 12 டிகிரிக்கு ஏறியபோதுதான் இவை வந்தன, 8-ல் இல்லை. சல்வாட்டரில் கருப்பட்டியைக் காய்ச்சும்போது வரும் ஆழமான மணமும் நெஞ்சுக்குள் இறங்கும் சூடும். ஐன்பெக்கர்தான் நால்வரில் ஒல்லி, கசப்பும் அதிகம். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

அது தனித்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பொக் பிறந்த ஊரே வடக்கே லோயர் சாக்சனியில் இருக்கும் அந்த ஐன்பெக்தான். ஹன்சா வணிகக் கூட்டமைப்பில் இருந்த ஊர். அதன் பியர் செல்லே நகருக்கு விற்கப்பட்டதற்கு 1378-ம் ஆண்டு ரசீது இருக்கிறது. பவேரிய அரண்மனைக்கு அந்தப் பியர்மேல் ஆசை, ஆனால் வரவழைக்கும் செலவு தாங்கவில்லை. 1589-ல் மியூனிக்கில் ஹோஃப்பிரொய்ஹவுஸ் என்ற அரண்மனை மதுவாலையைத் தொடங்கினார்கள். 1614-ல் ஐன்பெக்கிலிருந்தே எலியாஸ் பிக்லர் என்ற பியர் காய்ச்சும் மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். பவேரியக்காரர்கள் வாயில் ஐன்பெக் "ஐன்பொக்" ஆனது, பிறகு "அயின் பொக்", அதாவது ஒரு கடா. லேபிளில் ஆடு ஏறியது இப்படித்தான். டொப்பெல்பொக் அதற்குப் பிறகு வந்தது. மியூனிக்கின் ஔ பகுதியில் பவுலானர் துறவிகள் தவக்காலத்தில் உணவுக்குப் பதிலாகக் குடித்த கெட்டி பியர் அதன் மூலம். அவர்களுடைய சல்வாட்டரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் பெயருக்குப் பின்னால் "ஆட்டர்" ஒட்டிக்கொள்கிறார்கள். இன்று பொக் என்று எழுத வோர்ட் 16 பிளேட்டோவுக்குக் குறையக்கூடாது. டொப்பெல்பொக் 18-க்கு மேல்.

சரி, இரண்டாம் முயற்சி. இந்த வருடம் ஜனவரி.

கேரமல் மால்ட் பூஜ்யம். மியூனிக் மால்ட் 4 கிலோ, பில்ஸ்னர் மால்ட் 1.25, ரொட்டி வாசனையைக் கூட்டும் மெலனாய்டின் மால்ட் 0.25. மொத்தம் அதே 5.5 கிலோ. தண்ணீர் மாஷுக்கு 17 லிட்டர், வடித்தபின் மால்ட்டில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவ 13. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் கடினமானது, வெளிர் பியருக்குத் தொல்லை தரும். இந்த நிறத்துக்கு அப்படியே போதும்.

வாசனையை வளர்க்க இங்கே பழைய முறை ஒன்று உண்டு. மாஷில் ஒரு பகுதியை அள்ளித் தனியாகக் கொதிக்கவைத்துத் திரும்ப ஊற்றுவது. அதற்குப் பெயர் டெகோக்சியோன், நம்ம டிகாக்‌ஷன்தான். காபி இல்லாத டிகாக்‌ஷன் என்று வீட்டில் ஒரு வாரம் கேலி.

63 டிகிரியில் 35 நிமிடம். பிறகு அடியில் தங்கிய கெட்டியான பகுதியில் 6 லிட்டரை ஓட்டைக் கரண்டியால் வேறு பானைக்கு மாற்றினேன். 72-க்கு ஏற்றி பத்து நிமிடம், அப்புறம் கொதி, பதினைந்து நிமிடம். இந்தப் பதினைந்து நிமிடமும் மரக்கரண்டி நிற்கக்கூடாது. ஒன்பதாவது நிமிடத்தில் கீழே அழைப்பு மணி அடித்தது, பார்சல். போய்வர ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அடிப்பிடித்துவிட்டது. பாயசம் அடிப்பிடித்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன்: சுரண்டாமல் மேலோடு இன்னொரு பானைக்கு மாற்றினேன். அடியில் கருத்த தட்டு ஒன்று ஒட்டியிருந்தது, உள்ளங்கை அளவு. பானையை மறுநாள் வரை ஊறவைத்துத் தேய்த்தேன். பியரில் தீய்ந்த வாசனை வந்ததா என்று ஒவ்வொரு கட்டத்திலும் தேடினேன், இல்லை.

கொதித்ததைத் திரும்ப ஊற்றினால் மொத்தமும் 72-க்கு வர வேண்டும் என்பது கணக்கு. வந்தது 70.5. மின்பானையைப் போட்டு மீதியை ஏற்றினேன். 25 நிமிடம் கழித்து ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில், மேலே அயோடின் ஒரு சொட்டு. நிறம் மாறவில்லை, மாவுச்சத்து முடிந்தது. கழுவல் நீர் 78 டிகிரி.

90 நிமிடக் கொதி. கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூ, ஹாலெர்ட்டாவ் மிட்டெல்ஃப்ரூ வகை, 50 கிராம் கொதி முடிய 70 நிமிடம் இருக்கும்போது, 10 கிராம் கடைசிப் பத்து நிமிடத்தில். அளந்தால் பிளேட்டோ காட்டும் மிதவைக் கருவி, ஹைட்ரோமீட்டர், 13-ல் நிற்கிறது. நாள் முழுக்க நின்றது வீணா என்று உட்கார்ந்துவிட்டேன். மாதிரியைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. அந்தக் கருவி 20 டிகிரிக்கு அளவிடப்பட்டது என்று அதன் தண்டிலேயே எழுதியிருக்கிறது, இரண்டு வருடமாக அதைப் பார்க்கிறேன். ஆறியதும் 16.8.

வாளியில் 18 லிட்டர். ஒரு லிட்டரைத் தனியாக எடுத்து ஃபிரீசரில் வைத்தேன், பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காகப் போடும் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்க. இரவு முழுக்கப் பால்கனியில் மூடிவைத்துக் குளிரவிட்டேன். காலையில் 9 டிகிரி. இந்தத் தடவை ஈஸ்ட் மூன்று பாக்கெட், W-34/70 என்ற வைஹென்ஸ்டெஃபான் வகை. நிலவறையில் குழாய்க்கு எதிர்ப்பக்கம், ஜன்னல் ஓரம். முன்கூட்டியே மூன்று நாள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன்: 9 முதல் 10.

ஒன்பதாம் நாள் 7.5. அப்போதே வாளியை மூன்று மாடி தூக்கிவந்து 16 டிகிரி இருக்கும் நடையில் வைத்தேன். ஈஸ்ட் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும்போதே வெண்ணெயைத் தின்ன வைக்கத்தான் இந்தச் சுமை. பதின்மூன்றாம் நாள் 4.6, வெந்நீர்ச் சோதனையில் இன்னும் லேசாக வெண்ணெய். பதினாறாம் நாள் 4.2, சோதனையில் ஒன்றும் இல்லை. பதினெட்டிலும் 4.2. ஆல்கஹால் 7.0 சதவீதம்.

அடைக்கும் அன்று ருசி பார்த்ததில் பயமாக இருந்தது. தீக்குச்சி உரசிய கந்தக வாசனை. மால்ட் இருந்தது, ஆனால் தனித்தனியாக: இந்தப் பக்கம் ரொட்டி, அந்தப் பக்கம் ஆல்கஹால், நடுவில் கசப்பு. முதல் முயற்சியின் ஞாபகத்தில் இதுவும் போச்சு என்று எழுதிவைத்தேன். பத்து நாள் அறை வெப்பத்தில், பிறகு பழைய ஃபிரிட்ஜில் 2 டிகிரி. மூன்றாம் வாரம் கந்தகம் பாதி. ஐந்தாம் வாரம் இல்லை. ஆறாம் வாரம்வரை ஆல்கஹால் தொண்டையில் உரசியது. ஒன்பதாம் வாரம், அதாவது நேற்று, உரசல் போய் சூடு மட்டும் நின்றது. மூக்கைப் பொத்தினால் மிதமான இனிப்பு, மெல்லிய கசப்பு. விட்டால் ரொட்டித்தோல், வறுத்த பாதாம், பின்னால் ஒரு துளி தேன். விழுங்கிய பிறகு நாக்கு காய்ந்து, அடுத்த வாய் கேட்கிறது. போன வருடத்து பியர் அடுத்த வாயைக் கேட்டதே இல்லை.

இடையில் ஒரு பைத்தியக்காரத்தனமும் செய்தேன். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை பொக்கில் இரண்டு மூன்று வினாடி முக்கும் வழக்கம் இங்கே உண்டு, பியர்ஷ்டாஹெல்ன் என்பார்கள். நுரையிலுள்ள சர்க்கரை கருகி மிட்டாய் மாதிரி ஆகும், கீழே பியர் குளிர்ச்சியாகவே இருக்கும். முதல் முயற்சியில் மீந்த பாட்டில்களைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். பூச்சு எதுவும் இல்லாத வெறும் இரும்புக் கம்பி, தோட்டத்தில் கரி அடுப்பு, கனமான மண் குவளை. குவளையை விளிம்புவரை நிரப்பியது என் புத்தி. பாதி நுரையாகப் பொங்கிச் செருப்பில் விழுந்தது. மீதியில் நுரை அருமை, அதன் கீழே அதே வெண்ணெய்.

செலவுக் கணக்கு: மால்ட் 13 யூரோ, ஹாப்ஸ் 4, ஈஸ்ட் 13.50, மூடிகள் 1, மின்சாரம் சுமார் 4. மொத்தம் 35.50. அரை லிட்டர் பாட்டில் 33 கிடைத்தது, ஒன்றுக்கு 1 யூரோ 8 சென்ட். கடை விலையோடு பார்த்தால் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை, என் பத்து மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே. ஈஸ்ட்தான் மால்ட்டைவிடச் செலவு. அடுத்த தடவை முதலில் ஒரு சாதாரண லாகர் காய்ச்சி, அதன் அடியில் தங்கும் ஈஸ்ட்டை எடுத்து பொக்குக்குப் போடப் போகிறேன். 9 யூரோ குறையும், ஈஸ்ட்டும் தாராளம்.

மெலனாய்டின் மால்ட்டை விட்டுவிடுவேன். கொதிக்கவைத்த மாஷே அந்த வேலையைச் செய்கிறது, இரண்டும் சேர்ந்து வாசனையில் கொஞ்சம் பிசுக்கு தெரிகிறது. நிறத்துக்கு 50 கிராம் கருவறுத்த மால்ட், கழுவும்போது மட்டும். கொதிக்க கனத்த அடி உள்ள பானை. கதவு மணியைக் கழற்றிவிடுவது.

சுவைச் சோதனையிலும் ஒரு மாற்றம். ஐந்து சுற்று அதிகம். நான்காவதில் மூக்கு களைத்துவிட்டது, தோற்ற இரண்டும் கடைசி இரண்டு சுற்றில்தான். மனைவி இதை அப்போதே சொன்னாள். அதனால் வெற்றியில் பாதியைக் கழித்துக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமை மூன்று சுற்று மட்டும், ஊற்றுவது நான், சொல்வது அவள்.